கவிழாத படகும் கவிழ்ந்தால் நிமிரும் படகும்



தலையாட்டிப் பொம்மையை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர்ப் பொம்மை என்றும் சொல்வார்கள். அதை ஒரு நாள் ஐந்தாம் ஆண்டு வகுப்புக்கு எடுத்துப் போனேன். மேசைமேல் வைத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். எப்படித் தள்ளினாலும் அது எழுந்து நின்றது. அடிப்பக்கம் கனமாகவும் உருண்டையாகவும் இருப்பதுதான் காரணம். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? சுண்டுவிரலால் தொட்டாலே அது சாய்ந்துவிடும். சாய்வதும் சுலபம், நிமிர்வதும் சுலபம்.

பிறகு ஒரு வாளித் தண்ணீரில் அகலமான பலகைத் துண்டு ஒன்றை மிதக்கவிட்டேன். அதை லேசில் கவிழ்க்க முடியவில்லை. கையால் அழுத்திப் புரட்டியபோது ஒருவழியாகக் கவிழ்ந்தது. கவிழ்ந்த பிறகு அப்படியே கிடந்தது. திரும்ப நிமிர்வதாக இல்லை.

“கடலுக்குப் போகிறவனுக்கு இந்த இரண்டில் எது வேண்டும்?” என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. அதே கேள்வியை வைத்துக்கொண்டு பிரிட்டன் தீவுகளின் கடலோர மக்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வாதாடினார்கள். அந்த வாதத்தின் நடுவில் நிற்பது வாட்சன் வகை என்று பெயர் பெற்ற உயிர்காப்புப் படகு. அதன் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

உயிர்காப்புப் படகு என்றால் என்ன? பெரிய கப்பலின் பக்கவாட்டில் தொங்குகிற சிறு படகை நான் சொல்லவில்லை. கரையில் ஒரு கொட்டகையில் தயாராக நிற்கும் படகு இது. புயலில் ஏதேனும் கப்பல் பாறையில் மோதிவிட்டது, மணல்திட்டில் தட்டிவிட்டது என்று செய்தி வந்தால், மற்றவர்கள் கரைக்கு ஓடி வருகிற அந்த நேரத்தில் இந்தப் படகு கடலுக்குள் போகும். அந்தக் காலத்தில் அதில் போனவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் மீனவர்கள். சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் அல்லர், தொண்டர்கள். 1824-இல் சர் வில்லியம் ஹில்லரி என்பவரின் முயற்சியால் ஏற்பட்ட சங்கம் ஒன்று இந்தப் படகுகளை நடத்தி வருகிறது. அரச தேசிய உயிர்காப்புப் படகுக் கழகம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அதன் செலவில் பெரும்பகுதி பொதுமக்கள் போடும் நன்கொடையிலிருந்து வருகிறது.

வாட்சனுக்கு வருவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1789-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் என்ற ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சவுத் ஷீல்ட்ஸ் என்று ஓர் ஊர். அங்கே அட்வென்ச்சர் என்ற கப்பல் மணல்திட்டில் சிக்கியது. கரையில் பெருங்கூட்டம் கூடி நின்றது. கப்பலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்து சாவது கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த அலையில் போகக்கூடிய படகு யாரிடமும் இல்லை. அந்தக் காட்சி ஊரை உலுக்கிவிட்டது. அப்படிப்பட்ட கடலில் போகக்கூடிய படகுக்கு மாதிரி செய்து தருபவருக்கு 2 கினிப் பணம் பரிசு என்று ஊர்ப் பெரியவர்கள் அறிவித்தார்கள்.

அந்த ஊரில் வில்லியம் வுட்ஹேவ் என்று ஒருவர் இருந்தார். சுவருக்கு வண்ணம் பூசுவது அவர் தொழில். கோயிலில் எழுத்தர் வேலையும் பார்த்தார். ஒரு பெண் தண்ணீர் எடுக்கும்போது, உடைந்துபோன மரக்கிண்ணத்தின் துண்டு ஒன்று தண்ணீரில் மிதந்ததாம். அதை எப்படிப் போட்டாலும் குழிப்பக்கம் மேலாகத் திரும்பிவிடுவதை வுட்ஹேவ் கண்டார் என்று சொல்வார்கள். நீங்களும் செய்து பார்க்கலாம். தேங்காய்ச் சிரட்டையை உடைத்து, இரண்டு முனையும் தூக்கி நிற்கும் சில்லாக எடுத்துத் தண்ணீரில் கவிழ்த்துப் போடுங்கள். முனைகள் உயரமாகவும் நடு தாழ்வாகவும் இருக்கும் பொருள் தலைகீழாக நிற்க விரும்பாது. வுட்ஹேவ் அந்த வடிவில் தகரத்தால் ஒரு மாதிரி செய்தார். கவிழ்ந்தால் தானே நிமிரும் படகு என்ற எண்ணத்துக்கு அதுதான் முதல் வடிவம்.

பரிசுக் குழு அவருக்குப் பாதிப் பரிசு, அதாவது 1 கினி, தர முன்வந்தது. வுட்ஹேவ் கோபித்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைசியில் ஹென்றி கிரேட்ஹெட் என்ற படகு கட்டுபவரிடம் வேலை போயிற்று. அவர் கட்டிய ஒரிஜினல் என்ற படகு 1790-இல் கடலில் இறங்கி நாற்பது ஆண்டுகள் உழைத்தது. நல்ல படகுதான். ஆனால் கவிழ்ந்தால் நிமிராது. 1802-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கிரேட்ஹெட்டுக்கு 1,200 பவுன் வெகுமதி கொடுத்தது. வுட்ஹேவ் 1821-இல் ஏழையாகவே இறந்தார். உயிர்காப்புப் படகைக் கண்டுபிடித்தவர் என்று அவருடைய கல்லறையில் எழுதி வைத்தார்கள். கல்லறையில் எழுதுவதற்குச் செலவு குறைவு.

நிமிராத படகின் விலையை அதே ஊர் பின்னாளில் கொடுத்தது. 1849 டிசம்பர் 4-ஆம் தேதி பிராவிடன்ஸ் என்ற உயிர்காப்புப் படகு கவிழ்ந்து, அதில் போன 24 பேரில் 20 பேர் மூழ்கிப்போனார்கள். அதன்பின் 1851-இல் நார்த்தம்பர்லண்ட் கோமகன் நல்ல படகு வடிவத்துக்கு 100 கினிப் பரிசு அறிவித்தார். 280 வடிவங்கள் வந்து குவிந்தன. யார்மத் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பீச்சிங் என்பவரின் வடிவம் வென்றது. அது தானே நிமிரும் படகு. ஜேம்ஸ் பீக் என்பவர் அதைத் திருத்தினார். அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகள் கடலோரம் முழுவதும் அந்த வகைப் படகுகளே பரவின.

அது எப்படி நிமிர்கிறது? படகின் இரண்டு முனையிலும் உயரமான காற்றுப் பெட்டிகள் இருக்கும். அடியில் கனமான இரும்பு. உடல் சற்றுக் குறுகல். படகு தலைகீழானால் அந்த இரண்டு பெட்டிகள்மேல் நிற்க வேண்டியிருக்கும். அடியிரும்பு அப்போது உச்சியில் இருக்கும். உச்சியில் கனம், கீழே நிற்க இடம் கொஞ்சம். அந்த நிலையில் எந்தப் பொருள் நிற்கும்? புரண்டு விழுந்து நிமிர்ந்துவிடும். உள்ளே புகுந்த தண்ணீர் தளத்தில் உள்ள குழாய்கள் வழியாக வடிந்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் குறுகலான உடல் என்றேனே, அங்கேதான் வினை. தலையாட்டிப் பொம்மைபோல அது சுலபமாகச் சாய்ந்தது. படகு நிமிர்ந்தாலும், அதிலிருந்து தெறித்து விழுந்த மனிதர்கள் பனிக்காலக் கடலில் கிடந்தார்கள்.

1886 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு வந்தது. இங்கிலாந்தின் வடமேற்கில் ரிபிள் ஆற்று முகத்துவாரத்தில் மெக்சிகோ என்ற ஜெர்மானியப் பாய்க்கப்பல் தட்டி நின்றது. அதில் 12 பேர். மூன்று ஊர்களிலிருந்து மூன்று படகுகள் புறப்பட்டன. எல்லாம் துடுப்புப் போட்டுப் போகும் படகுகள். ஒன்று எப்படியிருக்கிறது என்று மற்றொன்றுக்குத் தெரிய வழியில்லை. சவுத்போர்ட் படகு கப்பலின் அருகே போய்க் கவிழ்ந்தது. 16 பேரில் 14 பேர் இறந்தார்கள். செயின்ட் ஆன்ஸ் படகில் போன 13 பேரும் திரும்பவில்லை. அந்தப் படகுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்வதற்கு ஒருவரும் மிஞ்சவில்லை. மூன்றாவதாகிய லிதம் படகு புதியது. மீட்புக்குப் போவது அதற்கு அன்றுதான் முதல் தடவை. அது கப்பலை அடைந்து 12 பேரையும் கூட்டி வந்தது.

பன்னிரண்டு பேரைக் காக்கப் போய் 27 பேர் போனார்கள். 16 பெண்கள் விதவைகளானார்கள். 50 பிள்ளைகள் தகப்பனை இழந்தார்கள். மறுநாள் இரண்டு படகுகளும் கவிழ்ந்தபடியே கரை ஒதுங்கிக் கிடந்தன. இரண்டும் தானே நிமிர வேண்டிய வகை. நிமிரவில்லை.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அந்தக் குடும்பங்களுக்காகத் திரட்டிய நிதியை நடத்தியவர்களில் சார்ல்ஸ் மக்காரா என்ற பஞ்சாலை முதலாளியும் ஒருவர். படகுக் கழகத்தின் பணமெல்லாம் ஒரு சில பணக்காரர்களிடமிருந்தே வருகிறது என்பதை அவர் கண்டார். 1891-இல் மான்செஸ்டர் நகரத் தெருக்களில் ஊர்வலம் விட்டு, உண்டியல் குலுக்கிப் பணம் சேர்த்தார். ஒரே நாளில் 5,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது. பஞ்சாலைத் தொழிலாளிகள் போட்ட சில்லறையும் அதில் உண்டு. தெருவில் உண்டியல் ஏந்தித் தருமத்துக்குப் பணம் திரட்டும் வழக்கத்துக்கு அந்த நாட்டில் இதுவே தொடக்கம் என்று சொல்கிறார்கள்.

படகுக்கு வருவோம். விபத்துக்கு அடுத்த ஆண்டு, 1887-இல், கழகம் ஜார்ஜ் லெனக்ஸ் வாட்சன் என்பவரைப் படகு வடிவமைப்பு ஆலோசகராக அமர்த்தியது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தவர். அப்போது அவருக்கு வயது 36. பணக்காரர்களின் பந்தயப் பாய்ப்படகுகளை வடிவமைத்துப் பெயர் வாங்கியவர். வேல்ஸ் இளவரசருக்காக 1893-இல் பிரிட்டானியா என்ற புகழ்பெற்ற பந்தயப் படகை வடிவமைத்தவரும் அவரே. இப்படிப்பட்டவருக்கு உயிர்காப்புப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் நினைத்திருக்கக் கூடும். ஆனால் பாய்ப்படகைக் காற்று எப்படிச் சாய்க்கும், எதுவரை சாய்ந்தால் திரும்பி வரும், எதற்குமேல் வராது என்ற கணக்கு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

அவர் கேள்வியையே திருப்பிப் போட்டார். கவிழ்ந்தபின் நிமிர்வதற்காக ஏன் படகைக் குறுக்குகிறீர்கள்? அகலமாகக் கட்டுங்கள், கனமாகக் கட்டுங்கள், உள்ளே காற்றறைகளை நிறையுங்கள், கவிழாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். என் வாளியில் மிதந்த பலகை நினைவுக்கு வருகிறதா? அதே எண்ணம்தான். வாட்சன் படகு நிமிராது. ஆனால் அதைக் கவிழ்ப்பது மிகக் கடினம்.

கழகம் ஒரு நல்ல காரியம் செய்தது. இந்தப் படகைத்தான் எடுக்க வேண்டும் என்று எந்த ஊரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வோர் ஊர்ப் படகோட்டிகளும் வேறு ஊர்களுக்குப் போய்ப் படகுகளைப் பார்த்து, ஏறிப் போய்ச் சோதித்து, தங்களுக்குப் பிடித்ததைக் கேட்டு வாங்கலாம். உயிரைக் கொண்டு போகிறவனைக் கேட்டு வேலைக்கருவி வாங்கித் தருவது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆழக்கடலை எதிர்பார்த்த ஊர்களில் பலவும் வாட்சன் படகையே கேட்டன. மீனவனுக்குக் காலடியில் ஆடாத தளம்தான் நம்பிக்கை.

வாட்சன் 1904-இல் இறந்துவிட்டார். அதே ஆண்டுதான் கழகம் முதன்முதலாக ஓர் உயிர்காப்புப் படகில் பெட்ரோல் எஞ்சின் வைத்துச் சோதித்தது. அவருடைய நிறுவனத்தைச் சேர்ந்த பார்னெட் என்பவர் அந்தப் பொறுப்பை ஏற்றார். துடுப்பும் பாயும் போய் எஞ்சின் வந்தது. ஒரு எஞ்சின் இரண்டாயிற்று, பெட்ரோல் போய் டீசல் வந்தது, தங்குவதற்குச் சிறு அறை வந்தது. படகின் நீளம் 45 அடி, 46 அடி என்று வளர்ந்து, 1955-க்கும் 1963-க்கும் இடையில் கட்டிய கடைசி வகையில் 47 அடியாயிற்று. பெயர் மட்டும் வாட்சன் என்றே நிலைத்தது. வேகம் மணிக்கு ஏறக்குறைய 8 கடல்மைல், அவ்வளவே. கட்டியவிதம் பார்க்கத் தகுந்தது. மகோகனிப் பலகைகளை இரண்டு அடுக்காக, ஓரடுக்கு ஒரு பக்கம் சாய்வாகவும் மற்றது எதிர்ப்பக்கம் சாய்வாகவும் அடிப்பார்கள். நடுவில் வெள்ளை ஈயப் பூச்சில் தோய்த்த துணி இருக்கும். ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தாலும் மூழ்காதபடி உள்ளே பல தடுப்பறைகள் உண்டு. எஞ்சின் அறையில் தண்ணீர் நிறைந்தாலும் எஞ்சின் ஓடும்படி அதை மூடிக் கட்டியிருந்தார்கள்.

இந்தப் படகு செய்த சேவையைச் சொல்லாமல் குறையை மட்டும் சொன்னால் நியாயமாகாது.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் குரோமர் என்ற ஊர். நண்டு பிடிப்பது அங்கே தொழில். ஹென்றி பிளாக் என்பவர் அங்கே தலைமைப் படகோட்டி. 53 ஆண்டுகள் உயிர்காப்புப் படகில் போனவர். அவர் காலத்தில் அந்த ஊர்ப் படகுகள் 873 உயிர்களைக் காத்தன. அவருக்கு நீச்சல் தெரியாது என்பார்கள். 1941 ஆகஸ்டு 6-ஆம் தேதி, இரண்டாம் உலகப் போரின் நடுவில், கப்பல் அணி ஒன்று வழிதவறி ஆறு கப்பல்கள் மணல்திட்டில் ஏறிவிட்டன. பிளாக் தமது எச். எஃப். பெய்லி என்ற 46 அடி வாட்சன் படகில் போனார். ஒரு கப்பல் முற்றிலும் மூழ்கி, மேலே அலை புரண்டுகொண்டிருந்தது. கட்டிப் பிடிக்க இடமில்லை. மூழ்கிய கப்பலின் தளத்தின்மேலேயே படகை ஓட்டிக்கொண்டு போய் ஆட்களை ஏற்றினார். அன்று அந்த ஒரு படகு 88 பேரைக் கொண்டு வந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் இங்லிஷ் டிரேடர் என்ற கப்பலுக்குப் போனபோது பேரலை ஒன்று பெய்லியை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டது. பிளாக்கும் வேறு நால்வரும் கடலில் வீசப்பட்டார்கள். ஆனால் படகு முழுதாகக் கவிழவில்லை. படுத்த இடத்திலிருந்து எழுந்துவிட்டது. ஐவரையும் மேலே இழுத்துப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் இறந்துபோனார். மறுநாள் விடியலில் மீண்டும் போய் அந்தக் கப்பலில் இருந்த 44 பேரையும் மீட்டார்கள். பிளாக்குக்கு அப்போது வயது 65. வாட்சன் போட்ட கணக்கு அன்று சரியாக வந்தது. குறுகலான படகாக இருந்தால் முழுக்கப் புரண்டிருக்கும்.

1959 அக்டோபர் 27-ஆம் தேதி வேல்ஸ் நாட்டின் மோல்வ்ரா என்ற ஊரில் இன்னொரு சோதனை. ஹிண்ட்லீ என்ற சரக்குக் கப்பல் பாறையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதன் சுழலாடி, அதாவது கப்பலைத் தள்ளும் விசிறி, அலை ஏறும்போதெல்லாம் தண்ணீருக்கு மேலே வந்து, படகோட்டிகளின் தலைக்குமேல் சுற்றியது. ரிச்சர்ட் எவான்ஸ் என்ற தலைமைப் படகோட்டி மாற்றுப் படகாக வந்திருந்த ஒரு வாட்சன் படகைத் திரும்பத் திரும்ப அந்தக் கப்பலின் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். எட்டுப் பேரும் ஒருவர்பின் ஒருவராகக் குதித்தார்கள். சற்று நேரத்தில் கப்பல் பாறையில் மோதி உடைந்தது.

அதற்கு ஆறு வாரம் கழித்து, டிசம்பர் 8-ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் பிராட்டி ஃபெரி என்ற ஊரிலிருந்து மோனா என்ற வாட்சன் படகு புறப்பட்டது. கலங்கரை விளக்குக் கப்பல் ஒன்று சங்கிலி அறுந்து போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்தவர்களைக் கடைசியில் ஹெலிகாப்டர் மீட்டது. மோனா கரையில் ஒதுங்கிக் கிடந்தது. அதில் போன எட்டுப் பேரும் இறந்துவிட்டார்கள். படகைச் சோதித்தவர்கள் அதில் பழுது எதுவும் இல்லை என்றார்கள். ஆனால் அந்தப் படகில் ஏற இனி யார் துணிவார்? பின்பு அதை ஒரு கடற்கரையில் வைத்து எரித்துவிட்டார்கள். மூடநம்பிக்கை என்று நாம் சொல்லலாம். அந்த ஊரில் பிறந்திருந்தால் நானும் கொள்ளிக்கட்டை எடுத்துக் கொடுத்திருப்பேன் என்றே தோன்றுகிறது.

இந்த இடத்தில் வாட்சனின் கணக்கை மறுபடியும் பார்க்க வேண்டும். கவிழ்வது மிக அரிது என்றார். உண்மை. ஆயிரக்கணக்கான தடவை போய் வந்த படகுகளில் கவிழ்ந்தவை மிகச் சில. ஆனால் அந்தச் சிலவற்றில் போனவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. கழகம் இதை மறக்கவில்லை. அதன் வடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஓக்லி என்பவர் 1958-இலேயே ஒரு வழி கண்டிருந்தார். அவருடைய 37 அடிப் படகு கடலில் இறங்கியவுடன் ஒன்றரை டன்னுக்குச் சற்று மேலான கடல்நீரை அடியில் உள்ள தொட்டியில் நிரப்பிக்கொள்ளும். அந்தக் கனத்தால் ஆடாமல் நிற்கும். கவிழ்ந்தால் அந்த நீர் ஒரு பக்கத்தில் உள்ள வேறு தொட்டிக்குப் பாய்ந்து, அந்தப் பக்கத்தைக் கனமாக்கிப் படகைப் புரட்டி நிமிர்த்திவிடும். பலகையின் உறுதியும் பொம்மையின் குணமும் ஒரே படகில் சேர்ந்தன. முதல் படகு ஸ்கார்பரோ என்ற ஊருக்குப் போனது. ஆனால் படகு கட்டப் பணம் வேண்டும், காலம் வேண்டும். பழைய வாட்சன் படகுகள் நல்ல நிலையில் இருந்தன. நல்ல நிலையில் இருக்கும் பொருளை யார் தூக்கிப் போடுவார்?

1969 மார்ச்சு 17-ஆம் தேதி. ஸ்காட்லாந்துக்கும் வடக்கே ஆர்க்னித் தீவுகள். அங்கே லாங்ஹோப் என்ற சின்ன ஊர். ஐரீன் என்ற கப்பல் புயலில் தத்தளிக்கிறது என்று செய்தி வந்தது. டி. ஜி. பி. என்ற 47 அடி வாட்சன் படகு இரவில் புறப்பட்டது. பெயர் தெரிவிக்க விரும்பாத ஒருவரின் கொடையில் 1962-இல் வந்த படகு அது. பெயருக்கு மூன்று எழுத்து மட்டுமே. தலைமைப் படகோட்டி டான் கர்க்பாட்ரிக் மூன்று தடவை வெள்ளிப் பதக்கம் பெற்றவர். அவருடன் அவருடைய இரண்டு மகன்கள் போனார்கள். எஞ்சின் பார்ப்பவரும் தம் இரண்டு மகன்களுடன் போனார். எட்டுப் பேரில் ஆறு பேர் இரண்டு வீட்டைச் சேர்ந்தவர்கள்.

மறுநாள் படகு கவிழ்ந்து மிதப்பதைக் கண்டார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. ஐரீன் கப்பலில் இருந்த 17 பேரும் கரையிலிருந்து கயிறு எய்து மீட்கப்பட்டுப் பிழைத்துக்கொண்டார்கள்.

தகப்பனும் பிள்ளைகளும் ஒரே வேலைக்கு ஒன்றாகப் போவது தோட்டத்தில் இருக்கிற நமக்குப் புதிதல்ல. விடியலில் ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர், நான்கு பேர் பால்வாளி எடுத்துப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். சின்ன ஊரில் வேறு ஆள் எங்கிருந்து வருவார்? அப்பா போகும்போது மகன் வீட்டில் உட்கார்ந்திருப்பானா? அந்த ஊர் இடுகாட்டில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு படகோட்டியின் வெண்கலச் சிலை இருக்கிறது.

பத்து மாதம் கழித்து, 1970 ஜனவரி 21-ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் ஃபிரேசர்பர்க் ஊரின் வாட்சன் படகு பேரலையில் குட்டிக்கரணம் அடித்துக் கவிழ்ந்தது. ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். அதே ஊர் 1953-இல்தான் ஒரு படகு கவிழ்ந்து ஆறு பேரை இழந்திருந்தது. இதற்குமேல் வாதம் நடக்கவில்லை. இனி எல்லாப் படகும் தானே நிமிர வேண்டும் என்று முடிவாயிற்று. புதிய வகைகளில் வேலை விரைவுபட்டது. ஓடிக்கொண்டிருந்த வாட்சன் படகுகளை என்ன செய்வது? அவற்றின் பின்பக்க அறையின் கூரையில் மடித்த ரப்பர் பை ஒன்றைப் பொருத்தினார்கள். படகு தலைகீழாகப் புரண்டால் அழுத்தி வைத்த வாயு திறந்து பை ஊதிக்கொள்ளும். ஒரு பக்கத்தில் அவ்வளவு பெரிய காற்றுமூட்டை தண்ணீருக்குள் இருக்க முடியாது. அது மேலே வரத் துடிக்கும்போது படகையும் திருப்பிவிடும். ஒரே ஒரு தடவைதான் வேலை செய்யும். ஒரு தடவை போதும் அல்லவா?

எந்தப் படகும் தாங்காத கடலும் உண்டு. 1981 டிசம்பர் 19-ஆம் தேதி இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில், மௌசல் என்ற மீனவர் கிராமத்துக்கு அருகே, யூனியன் ஸ்டார் என்ற புத்தம்புதிய கப்பல் எஞ்சின் நின்று பாறையை நோக்கி அடித்துக்கொண்டு போனது. ஹெலிகாப்டரால் யாரையும் தூக்க முடியவில்லை. சாலமன் பிரவுன் என்ற 47 அடி வாட்சன் படகு புறப்பட்டது. தலைமைப் படகோட்டி டிரெவெலியன் ரிச்சர்ட்ஸ், வந்தவர்களில் ஓர் இளைஞனை ஏற்ற மறுத்துவிட்டார். அவன் தகப்பன் ஏற்கெனவே படகில் இருந்தார். இப்படிப்பட்ட இரவில் ஒரு வீட்டிலிருந்து ஒருவருக்குமேல் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். லாங்ஹோப் நடந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நான்கு பேரை ஏற்றிவிட்டோம் என்று படகிலிருந்து செய்தி வந்தது. மீதிப் பேருக்காகத் திரும்பப் போனார்கள். அதன்பின் வானொலியில் குரல் இல்லை. படகு சிதறிப்போயிற்று. கப்பலில் இருந்த எட்டுப் பேர், படகில் போன எட்டுப் பேர், 16 உயிர்கள். நிமிர்வதும் நிமிராததும் அங்கே பேச்சில்லை. கரையில் நிறுத்தப்பட்ட அந்த இளைஞன் பிற்காலத்தில் அதே ஊர்ப் படகுக்குத் தலைமைப் படகோட்டியானான். ஒரு நாளைக்குள் புதிய குழுவுக்குப் போதுமான ஆட்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

வாட்சன் படகுகள் 1990-ஆம் ஆண்டையொட்டி முற்றிலும் ஓய்வு பெற்றன. பெய்லி குரோமர் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லாங்ஹோப் படகு டி. ஜி. பி.-யை ஸ்காட்லாந்தின் இர்வின் நகரில் கடல்சார் அருங்காட்சியகத்தில் காணலாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. இங்கிலாந்தின் தெற்கே சால்கம் என்ற ஊர். 1916-இல் அந்த ஊர் உயிர்காப்புப் படகு ஆற்றுவாய் மணல்திட்டருகே கவிழ்ந்து, 15 பேரில் 13 பேர் இறந்தார்கள். 1983 ஏப்ரல் 10-ஆம் தேதி அதே ஊரின் பால்டிக் எக்ஸ்சேஞ்ச் என்ற 47 அடி வாட்சன் படகு பேரலையில் தலைகீழாகப் புரண்டது. கூரையில் இருந்த பை ஊதிக்கொண்டது. படகு நிமிர்ந்தது. வெளியே வீசப்பட்ட ஒருவரைத் தேடிப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார்கள். அன்று சால்கமில் போன ஆள் அத்தனை பேரும் வீடு திரும்பினார்கள்.